குப்பை மாற்று நிலையமும் ஆரம்ப இருப்பும்

நமது சங்கங்களின் மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்பொழுது, அனுபவம் வாய்ந்த அங்கத்தினர் முதலில் நோக்குவது ஆரம்ப இருப்பையே ஆகும். ஆரம்ப இருப்பு தவறாக எழுதப்பட்டிருப்பின், அதன்கீழ் வரும் கூட்டலும் கழித்தலும் பிழையின்றி இருந்தபோதிலும் கணக்கு பொய்யாகிவிடும். நூல் இருப்பாயினும் உர மூட்டை இருப்பாயினும் இதுவே நியதி. இப்பாடத்தில் நாம் எடுத்துக்கொண்டுள்ள சரக்கு குப்பை. ஒரு நகரத்தின் குப்பை மாற்று நிலையத்தை விஸ்தரிக்க முற்படும்போது, அதனால் அக்கம்பக்கத்தாருக்கும் நிலத்திற்கும் நீருக்கும் காற்றுக்கும் நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை எழுதும் முறை, அமெரிக்க நாட்டில் 50 ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகிறது. அவ்வறிக்கையும் ஒருவகைக் கணக்கேயாம். அதற்கும் ஓர் ஆரம்ப இருப்பு உண்டு. அதனை எவ்வாறு எழுதுவது என்பது பற்றி அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றங்கள் வரை வழக்குகள் சென்றிருக்கின்றன.

முதலில் குப்பை மாற்று நிலையம் என்பது யாது எனக் காண்போம். நெசவாளர் ஒவ்வொருவரும் தாம் நெய்த இரண்டு மூன்று சேலைகளை எடுத்துக்கொண்டு தொலைதூரச் சந்தைக்குத் தாமே பயணம் போவதில்லை. சங்கத்தில் ஒப்படைக்கிறார், சங்கம் அவற்றைச் சேர்த்துப் பேல் கட்டி லாரியில் அனுப்புகிறது. குப்பையிலும் இதே சிக்கனம் கையாளப்படுகிறது. தெருத் தெருவாகச் சென்று குப்பை எடுக்கும் வண்டி சிறியது. அதன் சுமை சில டன்களே. குப்பையைப் புதைக்கும் கிடங்கோ நகரத்திலிருந்து நெடுந்தூரத்தில் இருக்கும். சிறு வண்டிகள் யாவும் அவ்வளவு தூரம் ஓடித் திரும்புமாயின் எரிபொருளும் ஆள் கூலியும் வீணாகும். ஆகவே நகரத்துக்கு அருகில் ஒரு பெருங்கொட்டகை அமைத்து, சிறு வண்டிகளை அங்கே எடைமேடையில் நிறுத்தி நிறுத்தபின், தளத்தில் குப்பையைக் கொட்டச் செய்கின்றனர். இயந்திரம் அதனைத் தள்ளிச் சென்று, சுமார் 20 டன் கொள்ளும் நீண்ட இழுவை வண்டியில் நிரப்புகிறது. அங்கே புதைப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை. கலிபோர்னியா மாநிலத்தின் விதிப்படி, வந்த குப்பை சாதாரணமாக 48 மணி நேரத்திற்குள் அங்கிருந்து அகற்றப்பட வேண்டும். நாள் ஒன்றுக்கு 100 டன் அல்லது அதற்கு மேல் வாங்கும் நிலையம் பெரிய நிலையம் என்று அம்மாநிலத்தில் வகைப்படுத்தப்படுகிறது.

குப்பை தங்காத இடந்தானே, இதனால் என்ன தீங்கு நேர்ந்துவிடும் என்று சிலர் வினவக்கூடும். தங்குவதில்லை என்பது மெய்யே. ஆனால் ஊர் முழுவதன் குப்பையும் அந்த ஒரு வாயில் வழியாக நுழைந்து, அதே வாயில் வழியாக வெளியேறுகிறது. ஆதலின் அங்கு நேரும் தொல்லைகளில் தலையாயது வண்டிப் போக்குவரத்து. டீசல் புகையில் உள்ள நுண்துகள் நச்சுத்தன்மை வாய்ந்த காற்று மாசு என்று கலிபோர்னியாவின் காற்று வாரியம் 1998-இல் அறிவித்தது. அடுத்தது நாற்றம். ஈரக்குப்பையிலிருந்து கசியும் கழிவுநீரைத் தனி வடிகாலில் பிடிக்காவிடில் மழைநீரோடு கலந்து வாய்க்காலைச் சேரும். காகிதமும் பிளாஸ்டிக் பையும் காற்றில் பறந்து வேலி கடக்கும். எலியும் பறவையும் கூடும். இக்காலத்தில் கைப்பேசி முதலியவற்றின் லித்தியம் மின்கலங்கள் குப்பையோடு வந்து, இயந்திரத்தில் நசுங்கித் தீப்பிடிப்பதும் ஒரு புதிய கவலையாகியுள்ளது. கொட்டகையை நாற்புறமும் மூடி, உட்காற்றை விசிறியால் இழுத்து வடிகட்டி வெளியிடுவதும், தளத்தை நாள்தோறும் கழுவுவதும், வண்டிகள் தெருவில் வரிசை நிற்காமல் வளாகத்துக்குள்ளேயே நிற்க இடம் விடுவதும் வழக்கமான பரிகாரங்கள். நாற்றத்தைப் பற்றி எழுதும் பகுதியைப் படிக்கும்போது, ஆய்வாளர் எந்த மாதத்தில், எந்த வேளையில் அவ்விடத்திற்குச் சென்றார் என்பதைக் கவனித்தல் நன்று. குளிர்ந்த காலை வேளையில் நாற்றம் இல்லை என்று எழுதுவது எளிது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். அமெரிக்க மத்திய சர்க்காரின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் 1970 ஜனவரி 1-ஆம் தேதி கையொப்பமாயிற்று. அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் தனக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. நியூயார்க் மாநிலம் 1975-இல் இயற்றியது. கலிபோர்னியச் சட்டத்தின்படி, பெரும் விளைவுகள் நேரக்கூடிய திட்டத்திற்கு உத்தரவு அளிக்கும் ஸ்தாபனம் முதலில் முழு அறிக்கை ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அறிக்கை தயாராகப்போகிறது என்று அறிவிப்பு வெளியிட்டு, எவற்றை ஆராய வேண்டும் எனப் பிற அலுவலகங்களின் யோசனையைக் கேட்க வேண்டும். நகல் அறிக்கை வெளிவந்தபின், மாநில அலுவலகங்களின் பார்வைக்கும் செல்லும் அறிக்கைகளுக்குப் பொதுவாக 45 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வந்த ஆட்சேபங்களுக்குக் காரண காரியத்தோடு விடை எழுதி, இறுதி அறிக்கையில் சேர்க்க வேண்டும்; “தங்கள் கருத்து கவனிக்கப்பட்டது” என்னும் ஒற்றை வரி முக்கியமான ஆட்சேபத்துக்கு விடையாகாது. உத்தரவு பிறக்குமுன் எவருமே எழுப்பாத ஆட்சேபத்தைப் பிற்பாடு நீதிமன்றத்தில் புதிதாகக் கிளப்ப இயலாது என்பதும் அச்சட்டத்தின் பொதுவிதி. வாய்திறவாமல் இருந்தவர்களுக்கு அது கடுமையான விதிதான்.

இப்பொழுது ஆரம்ப இருப்புக்குத் திரும்புவோம். ஓர் அங்கத்தினருக்குச் சங்கம் 50,000 ரூபாய் கடன் வரம்பு விதித்திருக்கிறது. அவர் எடுத்துள்ள கடனோ 30,000 ரூபாய்தான். தம் வரம்பை 70,000 ஆக உயர்த்துமாறு அவர் மனுச் செய்கிறார். “20,000 ரூபாய்தானே கூடுகிறது” என்று காரியதரிசி சொல்லக்கூடும். வரம்பைப் பொறுத்தவரை அது மெய். ஆனால் அந்த அங்கத்தினர் புதிய வரம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால், அவர் குடும்பத்தின் மீது புதிதாக ஏறும் சுமை 40,000 ரூபாய். சங்கத்தின் பணமும் அவ்வளவே கூடுதலாக வெளியே நிற்கும். எந்தத் தொகையை வைத்து அபாயத்தை எடைபோடுவது?

குப்பை மாற்று நிலையத்திலும் இப்படியே. விளக்கத்திற்காக ஒரு நிலையத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நாள் ஒன்றுக்கு 500 டன் வாங்கலாம் என்று அதன் உரிமத்தில் எழுதியுள்ளது. எடைமேடைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 300 டன்தான் வருகிறது. உரிமத்தை 700 டன்னாக உயர்த்த நிர்வாகம் விண்ணப்பிக்கிறது. உரிமத்திலிருந்து அளந்தால் உயர்வு 200 டன். சேகரிப்பு வண்டிக்கு 8 டன் வீதம் 25 வண்டிகள், இழுவை வண்டிக்கு 20 டன் வீதம் 10 வண்டிகள். ஒவ்வொன்றும் போக ஒருமுறை, வர ஒருமுறை என்று 70 நடைகள். எடைமேடையிலிருந்து அளந்தால் உயர்வு 400 டன், நடைகள் 140. தெருவில் குடியிருப்பவருக்கு உரிமத்தாளில் உள்ள 500 என்னும் எண்ணோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. அவருடைய வீட்டுச் சுவர் இன்று அதிர்வது 300 டன்னுக்கு. நாளை அதிரப்போவது 700 டன்னுக்கு.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. டன் கணக்கு ஒன்றே வண்டிக் கணக்கு ஆகிவிடாது. வீட்டுக்காரர்களும் சிறு ஒப்பந்தக்காரர்களும் தம் சொந்தச் சிறுவண்டிகளில் கொண்டுவந்து கொட்டுவதை நிலையம் அனுமதிக்குமாயின், அரை டன் சுமைக்கு ஒரு வண்டி வீதம் வந்து சேரும். பத்து டன்னுக்கு இருபது வண்டிகள்! ஆகவே கூடுதல் டன் எந்த வண்டியில் வரும், எந்த மணிக்கு வரும் என்பதை அறிக்கை சொல்ல வேண்டும். ஆண்டுச் சராசரி மட்டும் தந்து, நெருக்கடி மிகுந்த நாளின் கணக்கைத் தராத அறிக்கையைப் படிப்பது, தீபாவளி மாத விற்பனையைப் பன்னிரண்டு மாதத்திற்கும் பரப்பிக் காட்டும் பட்டியலைப் படிப்பது போன்றது.

எதிலிருந்து அளப்பது என்னும் கேள்விக்குக் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2010-இல் விடை கூறிற்று. அவ்வழக்கு குப்பை பற்றியது அன்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வில்மிங்டன் பகுதியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றைப் பற்றியது. அவ்வாலை புதிய முறையில் டீசல் தயாரிக்க முற்பட்டது. அதற்கு அங்குள்ள கொதிகலன்கள் முன்னிலும் அதிக நீராவி தர வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே உச்ச அளவு உரிமம் இருந்தது. ஆனால் வழக்கமான இயக்கத்தில் அவை யாவும் ஒருசேர உச்சத்தில் ஓடுவதில்லை. உரிமத்தின் உச்ச அளவையே இன்றைய நிலையாக வைத்துக்கொண்டு, கவனிக்கத்தக்க உயர்வு ஏதுமில்லை என்று தென்கடற்கரைக் காற்றுத்தர நிர்வாகம் முடிவு செய்தது; முழு அறிக்கை தேவையில்லை என்றும் விட்டுவிட்டது. அம்முடிவை நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலத்தில் மெய்யாகவே நிலவும் நிலையிலிருந்துதான் அளக்க வேண்டும், தாளில் அனுமதிக்கப்பட்ட நிலையிலிருந்து அன்று என்பது தீர்ப்பின் சாரம். ஆலையின் இயக்கம் நாளுக்கு நாள் ஏறி இறங்குமாயின், அதனைத் தக்க சான்றுகளோடு கணிக்கும் முறையை ஸ்தாபனமே தேர்ந்துகொள்ளலாம் என்றும் நீதிமன்றம் இடம் கொடுத்தது.

ஆயினும் இவ்விதிக்கு ஒரு புறனடை இருப்பதை மறைத்தல் நேர்மையாகாது. வெஞ்சுரா கவுண்டியில் ஒரு சுரங்க விஸ்தரிப்பைப் பற்றிய 1999-ஆம் ஆண்டு வழக்கு போன்றவற்றில், முன்பு அனுமதிக்கப்பட்ட அளவையே தொடக்கமாகக் கொள்ள நீதிமன்றங்கள் இசைந்தன. அவ்வகை வழக்குகளை 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேறுபடுத்திக் காட்டுகிறது. ஓர் அளவு முன்னரே முழுமையாக ஆராயப்பட்டு உத்தரவு பெற்றிருந்தால், மறுபடி அதையே ஆராயாமல் அதற்கு மேற்பட்டதை மட்டும் ஆராய்வது நியாயம். ஆகவே நிலையத்தார் “எமக்கு 500 டன் உரிமம் உண்டு” என்று கூறும்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்த 500 டன்னை ஆராய்ந்த அறிக்கை எது, எந்த ஆண்டினது என்பதே. சட்டம் வருமுன்னரே வழங்கப்பட்ட பழைய உரிமமாக இருந்தால், அந்த எண்ணை எவரும் எக்காலத்தும் ஆராய்ந்திருக்கமாட்டார்கள்.

ஆரம்ப இருப்பைத் திரிப்பது ஒருவகைத் தவறு. திட்டத்தைத் துண்டு துண்டாக்கிக் காட்டுவது மற்றொன்று. சான் பிரான்சிஸ்கோவில் லாரல் ஹைட்ஸ் என்னும் குடியிருப்பில், 3,54,000 சதுர அடி உள்ள ஒரு கட்டடத்தைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வாங்கி, அதில் சுமார் 1,00,000 சதுர அடியில் ஆராய்ச்சிக் கூடம் வைக்க முற்பட்டது. அறிக்கை அந்தப் பகுதியை மட்டுமே ஆராய்ந்தது. எஞ்சிய பகுதியையும் பிற்காலத்தில் எடுத்துக்கொள்ளும் எண்ணம் பல்கலைக்கழகத்திற்கு இருந்தது. இவ்வாறு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பின்விளைவையும் முதல் அறிக்கையிலேயே ஆராய வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று 90 டன், அடுத்த ஆண்டு 90 டன் என்று நிலையத்தைச் சிறிது சிறிதாகப் பெருக்கி, ஒவ்வொன்றும் அற்பம் என்று காட்டும் சாமர்த்தியத்திற்கு இத்தீர்ப்பு தடையாயிற்று.

விவசாயிகளாகிய நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வழக்கு சிறப்பாகப் பயன்படும். கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் ஹான்ஃபோர்டு என்னும் சிறு நகரம் நிலக்கரியால் இயங்கும் ஒரு மின் நிலையத்திற்கு உத்தரவு அளித்தது. அக்கவுண்டியின் விவசாயிகள் சங்கம் வழக்குத் தொடுத்தது. பள்ளத்தாக்கின் காற்று ஏற்கெனவே மிகக் கெட்டிருக்கிறது. அந்தப் பெருங்கேட்டில் இந்நிலையம் சேர்ப்பது மிகச் சிறுவிகிதம். ஆகவே பொருட்படுத்தத்தக்கது அன்று என்பது அறிக்கையின் வாதம். 1990-இல் நீதிமன்றம் அதனை நிராகரித்தது. கேடு மிகுந்த இடத்தில் சிறு கூடுதலும் பெரிதாகலாம். விகிதம் சிறிது என்று காட்டித் தப்புவதாயின், எவ்வளவுக்கெவ்வளவு காற்று கெட்டிருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு புதிய கேட்டை அனுமதிப்பது எளிதாகிவிடும். கடன் சுமையால் தள்ளாடும் ஒருவருக்கு இன்னும் ஆயிரம் ரூபாய் கடன் தந்துவிட்டு, மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதானே என்று கூறுவதை எந்தச் சங்க நிர்வாகியும் ஒப்பமாட்டார்.

பரிகாரங்களைப் பற்றிய பகுதியை விரைவாகவே சொல்லலாம். “தேவைப்படின் பின்னர் ஆராய்ந்து செய்யப்படும்” என்று எழுதுவது பரிகாரம் ஆகாது. மெண்டோசினோ கவுண்டியில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு, நீர்நிலை பற்றிய ஆராய்ச்சியைப் பிற்பாடு செய்துகொள்ளலாம் என்னும் நிபந்தனையோடு உத்தரவு தந்தார்கள். 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்ட பரிகாரங்கள் நிறைவேறுகின்றனவா என்று கண்காணிக்கும் திட்டமும் உத்தரவோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற விதி 1989 முதல் அம்மாநிலத்தில் உண்டு.

அறிக்கையைவிடப் பெரிய கேள்வி ஒன்று நியூயார்க் நகரத்தில் எழுந்தது. அந்நகரம் ஸ்டேட்டன் தீவில் 1948-இல் தொடங்கிய ஃபிரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு உலகிலேயே மிகப் பெரியதாக வளர்ந்தது. அதன் வளாகம் சுமார் 2,200 ஏக்கர். நகரத்தின் வீட்டுக் குப்பை ஆற்றங்கரை நிலையங்களில் படகுகளில் ஏற்றப்பட்டு அங்கே சென்றது. 2001 மார்ச்சில் கிடங்கு மூடப்பட்டபோது படகுகள் நின்றன. குப்பை லாரிகளில் ஏறி, தனியார் நடத்தும் நிலவழி மாற்று நிலையங்களை நாடிற்று. அந்நிலையங்கள் நகரம் முழுவதும் பரவியிருக்கவில்லை. வடக்குப் புரூக்ளின், தென் பிராங்ஸ், தென்கிழக்குக் குவீன்ஸ் ஆகிய சில பகுதிகளிலேயே குவிந்திருந்தன. நகரக் குப்பையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அவற்றின் வழியே சென்றது. அங்குக் குடியிருப்போரில் பெரும்பாலோர் கருப்பர்களும் இலத்தீன் அமெரிக்க வம்சத்தாருமான உழைக்கும் மக்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு நிலையமும் சிறியது. தெருவில் நின்று பார்ப்பவருக்கோ எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரே லாரி வரிசை.

2006-இல் நகரசபை நிறைவேற்றிய திடக்கழிவுத் திட்டம், ஒவ்வொரு பகுதியும் தன் குப்பையின் சுமையில் ஒரு பங்கைத் தானே ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தது. நான்கு ஆற்றங்கரை நிலையங்களை மீண்டும் கட்ட முடிவாயிற்று. அவற்றுள் ஒன்று செல்வர் மிகுந்த மன்ஹாட்டனின் 91-ஆவது தெருவின் கீழ்க்கோடியில், விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் அமைந்தது. அங்குள்ளோர் பல்லாண்டுகள் எதிர்த்தனர், வழக்குகளும் நடந்தன. குழந்தைகள் விளையாடும் இடத்தருகே லாரிகள் செல்வது பற்றிய அவர்களது கவலையைப் பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் பிராங்ஸிலும் குழந்தைகள் உண்டு. 2019-இல் அந்நிலையம் திறக்கப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டில், அதாவது 2018-இல், நகரசபை வேறொரு சட்டம் இயற்றிற்று. குப்பைச் சுமை மிகுந்த அப்பகுதிகளின் தனியார் நிலையங்களுக்கு உரிமம் தந்த அளவு குறைக்கப்பட வேண்டும். வடக்குப் புரூக்ளினில் பாதி, தென் பிராங்ஸிலும் தென்கிழக்குக் குவீன்ஸிலும் மூன்றில் ஒரு பங்கு. இங்கும் நம் பழைய கேள்வி தலைநீட்டுவதைக் காணலாம். குறைக்கப்பட்டது உரிமத்தில் எழுதிய டன். உரிமத்தில் பாதியளவே வாங்கிவரும் ஒரு நிலையத்திற்கு அவ்வுரிமத்தைப் பாதியாக்கினால், அன்றைய தினம் ஒரு லாரியும் குறைவதில்லை. ஆயினும் அச்சட்டம் வீண் என்று கூறுவதற்கில்லை. பிற்காலத்தில் விஸ்தரிப்பு மனு எதுவும் இன்றியே, பழைய உரிமத்தின் பலத்தால் சத்தமில்லாமல் பெருகிவிடும் வழியை அது அடைத்துவிட்டது. எடைமேடைக்கும் உரிமத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஆண்டாண்டாக எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும் விஸ்தரிப்பு.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி புதிதன்று. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொதுவான நகரத் திடக்கழிவு மேலாண்மை வசதிகளையும் தன் அட்டவணையில் சேர்த்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றும், அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. விஸ்தரிப்புத் திட்டங்களுக்கு மட்டும், புதிய அறிக்கையும் கருத்துக்கேட்பும் வேண்டுமா என்பதை நிபுணர் குழுவே தீர்மானிக்கலாம் என்று அது விட்டது. ஆகவே விஸ்தரிப்பு எவ்வளவு என்னும் எண், கூட்டம் நடைபெறுமா என்பதையே தீர்மானிக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் மாற்று நிலையத்திற்கு இலக்கணம் கூறியபோது, மூடிய வண்டிகளிலோ கொள்கலன்களிலோ குப்பையைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் அவ்விலக்கணத்திலேயே சேர்த்தன.

வாசிப்பு வட்டத்தில் இப்பாடத்தை எடுத்துக்கொள்ளும் சங்கங்கள் கீழ்க்கண்ட கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு நிலையத்தின் உரிமம் நாளுக்கு 400 டன். எடைமேடைச் சீட்டின்படி சராசரி 240 டன். நெருக்கடி மிகுந்த மாதத்தில் 320 டன். புதிய விண்ணப்பம் 560 டன்னுக்கு. சேகரிப்பு வண்டிக்கு 8 டன், இழுவை வண்டிக்கு 20 டன். உரிமத்திலிருந்தும், சராசரியிலிருந்தும், நெருக்கடி மாதத்திலிருந்தும் அளந்து, நாள் ஒன்றுக்குக் கூடும் நடைகளை மூன்று விதமாகக் கணக்கிடுக. மூன்று எண்களுள் எதனை அறிக்கையின் முதற்பக்கத்தில் அச்சிட நிலையத்தார் விரும்புவர், எதனைச் சாலையோரத்தில் குடியிருப்பவர் விரும்புவர், எதனை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் காரணத்தோடு எழுதுக.